திருவிருந்தில் என் பக்கத்து இடம்

என் விரலில் ஊசி ஏறிய அந்தக் காலையை நான் இன்றும் மறக்கவில்லை. எண்பதுகளின் கடைசி. ஊரடங்கும் கடையடைப்புமாகக் கண்டி நடுங்கிக்கொண்டிருந்த காலம். நான் ஆஸ்பத்திரியில் தாதி. எங்கள் வார்டுக்கு முதன்முதலாக ஓர் எய்ட்ஸ் நோயாளி வந்திருந்தார். வெளிநாட்டில் வேலை செய்து திரும்பியவர். வேலையாட்கள் அவருடைய சாப்பாட்டுத் தட்டைக்கூடக் கதவடியில் வைத்துவிட்டு ஓடினார்கள். "கிட்ட வராதீங்க மிஸ்" என்று அவரே சொல்லுவார். எனக்குப் பொறுக்கவில்லை. நானே ஊசி போட்டேன்.

போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடுவதுதான் அப்போது எங்கள் பழக்கம். அப்படித்தான் படித்தோம். மூடியைப் பிடித்திருந்த விரலிலேயே ஊசி ஏறிவிட்டது.

டொக்டர் என் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார். சில மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான் நிச்சயம், அதுவரை கொடுக்க எங்களிடம் மருந்து எதுவும் இல்லை என்றார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் சின்ன மகளை முத்தமிடக்கூடப் பயம். ஆண்டவரே, என்னைத் தனியாக விட்டுவிடாதீர் என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை.

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் எங்கள் அடுத்த வீட்டு செல்வி அக்காவிடம் மட்டும் சொன்னேன். மூச்சு விடமாட்டேன் என்றார். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் என் பெயரையும் வியாதியின் பெயரையும் சொல்லி, கண்ணீர் விட்டு, உரக்க ஜெபித்துவிட்டார்! சபைக்கே தெரிந்துவிட்டது. கேட்டால், "ஐயோ புள்ள, கர்த்தர்கிட்டதானே சொன்னேன்!" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த ஞாயிறு திருவிருந்து. எங்கள் சபையில் எல்லாரும் ஒரே கிண்ணத்தில்தான் திராட்சை ரசம் குடிப்போம். கிண்ணத்தால் இந்த நோய் தொற்றாது என்று வார்டில் பத்துப் பேருக்குச் சொன்னவளே நான்தான். ஆனாலும் பக்கத்தில் இருந்தவர்கள் அவசரமாக எழுந்து முன்னே போனதைப் பார்த்ததும் எனக்குக் கால் வரவில்லை. எல்லாரும் போன பின், பீடத்தின் முன் வரிசையில் சுவரோரமாய்க் கடைசியில் முழங்கால் போட்டேன். எனக்குப் பிறகு யாரும் குடிக்க வேண்டி வராது அல்லவா?

போதகர் ஐயா கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்தார். வரிசையின் நடுவில் இருந்த செல்வி அக்கா எழுந்து என்னிடம் வந்தார். சுவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு குழந்தைக்குக்கூட இடமில்லை. அக்காவோ நல்ல பருமன். "தள்ளு புள்ள, நான் இன்னும் குடிக்கல" என்று ஆலயம் முழுக்கக் கேட்கும்படி சொல்லி, இடித்துக்கொண்டு முழங்கால் போட்டார். நான் குடித்தேன். எனக்குப் பிறகு அவர் குடித்தார். அடுத்த திருவிருந்தில் என் பக்கத்துக்கு இன்னும் இருவர் வந்தார்கள். என் ஜெபத்துக்குப் பதில் அந்த ஞாயிறே வந்துவிட்டது.

கடைசிப் பரிசோதனையிலும் என் இரத்தத்தில் ஒன்றுமில்லை. ஸ்தோத்திரம்! அந்த நோயாளி பிழைக்கவில்லை. ஆனால் தனியாகச் சாகவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் கட்டிலருகே கதிரையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த நோயோடு வந்தவர்களை எல்லாம் நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். மனசு நிறைந்த வாழ்க்கை எனக்கு.

பயத்தோடு கடைசியில் முழங்கால் போட்டிருக்கிறவர்களே, கர்த்தர் உங்களைக் காண்கிறார், நம்புங்கள். மற்றவர்களே, எழுந்து அவர்கள் பக்கத்தில் போங்கள். இடமில்லாவிட்டால் இடித்துக்கொண்டு போங்கள்.