நடுவில் வைத்த டீ

தொண்ணூறுகளில், பீளமேட்டில் ராணுவத்துக்குத் துணி வாங்கும் அலுவலகம் ஒன்றில் நான் அட்டெண்டர். ஒரே அறையில் ஒரு மேஜரும் ஒரு சிவிலியன் அதிகாரியும் இருந்தார்கள். யார் சீனியர், யாருக்குச் சம்பளம் கூட என்று ஓயாத சண்டை. யாருக்கு முதலில் டீ கொடுத்தாலும் மற்றவர் முகம் கடுகடுக்கும். அதனால் தட்டை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பேன். முதலில் கை நீட்ட இருவருக்கும் கௌரவம் இடம் கொடுக்காது. டீ ஆறி ஆடை கட்டும்.

ஒருநாள் கேட்டே விட்டேன்: "ஏனுங்க சார், பக்கத்து ரூமுக்கு டீ கொண்டு போற சிப்பாயும் நானும் ஒரே வேலைதானுங்க செய்யறோம். எனக்கும் அவரு சம்பளம் வேணுமுங்க."

"அதெப்படிப்பா சமமாகும்?" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆறிப்போன இரண்டு டீயையும் அவர்கள் கண்ணெதிரிலேயே எடுத்துக் குடித்தேன்.