மாஸ்டரின் பங்கு கேக்

கதை கட்டிச் சொல்லும் ஆள் அல்ல ஸ்டெல்லா. இதைச் சொல்லவே அவளுக்குப் பிடிக்காது. ஆனால் நடந்தது நடந்ததுதான். 2007 டிசம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருட்டில்கூட அல்ல. காலை ஏழு மணிக்கு, ஹைதராபாத் மெட்டுகுடாவில், சாலையோர பேக்கரி ஒன்றில்.

நாகர்கோவிலிலிருந்து சாப்ட்வேர் வேலைக்கு ஹைதராபாத் வந்தவள் அவள். ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்து ஹாலில் மூன்று வருடம் கராத்தே கற்றாள். கற்றுக்கொடுத்தவர் இருதயராஜ் மாஸ்டர். முரட்டு மனிதர். கால் தப்பாக நின்றால் முழங்காலில் பிரம்படி விழும். ஆனால் ஞாயிறு வகுப்பு முடிந்ததும் எல்லோரையும் இந்த பேக்கரிக்குக் கூட்டி வருவார். காபி, பிளம் கேக். தன் கேக்கைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். அதன் பிறகுதான் மற்றவர்கள் தொடலாம்.

அன்று மாஸ்டர் இறந்து முப்பதாம் நாள். காலைப் பூசை முடிந்து வந்தவள், தினேஷையும் பேக்கரிக்கு வரச் சொல்லியிருந்தாள். தினேஷ் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவன். ஆபீசில் பக்கத்து மேசை. வகுப்பில் மாஸ்டருக்கு அடுத்தவன்.

மூன்று காபி, மூன்று கேக் சொன்னாள். ஒரு பங்கை ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

"எதுக்கு இந்த டிராமா?"

"மாஸ்டருக்கு."

"அந்தக் கிழவன் அடிச்சதைத் தவிர என்ன செஞ்சான்? அடுத்த வாரத்துலேர்ந்து கிளாஸ் என்னுது. போர்டுலகூட பேரை மாத்தியாச்சு."

"வாய மூடு தினேஷ்."

மணி 7.04. இருவர் காபியும் ஆறி ஆடை படிந்துவிட்டது. மூன்றாவது கப்பில் மட்டும் ஆவி பறந்துகொண்டிருந்தது. நேராக அல்ல... யாரோ ஊதுவதுபோல் தினேஷ் பக்கமாகச் சாய்ந்து.

7.07. தைல நெடி. அடிபட்ட இடத்தில் மாஸ்டர் தேய்த்துவிடும் அதே தைலம்.

7.09. மூன்றாவது கேக்கின் நடுவில் ஒரு பள்ளம். கட்டைவிரல் அளவு.

"நீ தொட்டியா?"

"நஹி. நான் எதுக்குத் தொடணும்?" தினேஷ் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு வீம்புக்கு வலது கையை நீட்டினான். "செத்தவனுக்கு எதுக்கு கேக்?"

டப்!

கை மேசைமேல் அறைந்து நின்றது. அவனால் எடுக்க முடியவில்லை. மணிக்கட்டில் நான்கு விரல் தடங்கள் வெளுத்து அமுங்கின. விரல்கள் இல்லை. தடங்கள் மட்டும்.

ஸ்டெல்லா பிடித்து இழுத்தாள். அசையவில்லை. அவன் தோல் ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

"விடச் சொல்லு... ஸ்டெல்லா... விடச் சொல்லு!"

காலி நாற்காலி முன்னால் நகர்ந்தது. க்ரீச்...

மளுக்.

எலும்பு.

அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. சண்டையை நிறுத்த வகுப்பில் மாஸ்டர் சொல்லும் ஜப்பானியச் சொல். எழுந்து நின்றாள். தலை குனிந்தாள். கத்தினாள்.

"யாமே!"

பிடி விட்டது.

7.12. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து... மூடியது.

கல்லாவிலிருந்து பேக்கரிக்காரர் இர்பான் பாய் ஓடி வந்தார். "க்யா ஹுவா?" என்ன ஆனது என்று கேட்டார்.

பக்கத்துத் தார்நாகாவில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனார்கள். கதவில் கை நசுங்கிவிட்டது என்று ஸ்டெல்லா பொய் சொன்னாள். டாக்டர் நாராயணஸ்வாமி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இன்னிக்கா? இல்லம்மா. இது உடைஞ்சு ஒரு மாசம் இருக்கும். எலும்பு ஒட்ட ஆரம்பிச்சிருக்கு. இத்தனை நாள் இவர் வலின்னு சொல்லவே இல்லையா?"

சொல்லவே இல்லை. வெள்ளிக்கிழமை வரை அந்தக் கையால்தான் கீபோர்டில் தட்டிக்கொண்டிருந்தான்.

அவள் தினேஷைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

அடுத்த வாரம் மாஸ்டரின் மனைவி விஜயகுமாரியைப் பார்க்கப் போனாள். பேக்கரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரேதான் சொன்னார்.

"ஹால் படியில தவறி விழுந்துட்டாருன்னு தூக்கிட்டு வந்தாங்க. வலது கை மட்டும் இறுகிப் போயிருந்துச்சும்மா... யாரோட மணிக்கட்டையோ பிடிச்ச மாதிரி. நாலு பேர் சேர்ந்து பிரிச்சுப் பார்த்தாங்க. விரல் நிமிரவே இல்ல. அப்படியே பெட்டியில வச்சுப் புதைச்சோம்."