பிச்சையம்மாளும் ஓநாயும்

எனக்குப் பெயர் வைத்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஆக்லாந்தில் பிறந்த பெண்ணுக்குப் பிச்சையம்மாள் என்று பெயர் வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பள்ளிக்கூடத்தில் யாருக்கும் அர்த்தம் தெரியாது என்பதால் அங்கே தப்பித்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்தான் மானம் போனது. நான் நுழைந்தாலே பையன்கள் கையேந்தி, "அம்மா தாயே" என்பார்கள். சிங்கப்பூர்க்கார டீச்சர் அதட்டுவார். அதட்டும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

புக்கெகோஹி என்ற பண்ணை ஊரிலிருந்து காய்கறியோடு வரும் அத்தை எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவார். "உங்கம்மா உன்னை எங்கிட்டேருந்து தவிட்டுக்கு வாங்குனாடி. இந்த ஊர்ல தவிட்டுக்கு எங்க போறது? ஒரு பாக்கெட் ஓட்ஸ் குடுத்தா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா மட்டும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

பத்து வயதில் என் பொறுமை போயிற்று. பெயரை மாற்றாவிட்டால் சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அப்பா இறங்கி வந்தார். "சரிம்மா, ப்ரியான்னு மாத்திடலாம்" என்றார். அம்மா கையிலிருந்த கரண்டியைத் தொட்டிக்குள் விட்டெறிந்தார். "மாத்துனா நான் மனுஷியா இருக்க மாட்டேன்!" ஏன் என்று கேட்டதற்கு என் முதுகில் ஒன்று விழுந்தது. அப்பா செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். அடியைவிட அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

நேரே அடுத்த வீட்டுக்குப் போனேன். ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு செர்பியக் குடும்பம். அவர்கள் மகன் வூக் என் வகுப்பு. வூக் என்றால் ஓநாய். பிள்ளை தின்னும் சூனியக்காரிகளுக்கு ஓநாய் என்றால் பயமாம், அப்படித்தான் அலட்டிக்கொள்வான். குடும்பப் பெயரும் லேசுப்பட்டதல்ல. ஸ்தோயனோவிச் என்றால் ஸ்தோயனின் மகன். ஸ்தோயன் என்றால் நிலைத்து நிற்பவன். அவனுக்கு ஓநாய், எனக்குத் திருவோடா?

இதை அவன் அம்மாவிடம் அழுதுகொண்டே கொட்டினேன். என் பெயருக்குப் பிச்சை என்று அர்த்தம், என்னை ஓட்ஸ் கொடுத்து வாங்கினார்களாம் என்றேன். அவர் காபிப் பாத்திரத்தை இறக்கி வைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை அவரும் அம்மாவும் வேலிக்கு மேலே ஹலோ சொன்னதோடு சரி.

சமையலறையில் நின்று, உடைந்த ஆங்கிலத்தில், "வூக்குக்கு முன்னால்" என்று ஆரம்பித்தவர், மேலே சொல்லாமல் ஒரு விரலைக் காட்டினார். அம்மா அடுப்பை அணைத்தார். பிறகு மூன்று விரல்களைக் காட்டினார். அந்த அம்மாள் அவரைக் கட்டிக்கொண்டார். அப்பாவின் முன்னால்கூட அழுது நான் பார்த்திராத அம்மா, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு வெள்ளைக்காரியின் தோளில் சாய்ந்து விம்மினார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெயர் என்னுடையது. அதன் காரணத்தைப் பெற்ற மகளுக்குச் சொல்லாமல் அடுத்த வீட்டுக்காரிக்குச் சொல்வதா? எனக்கு முன்னால் பிறந்து, அழகழகான பெயர்கள் வைக்கப்பட்டு, தங்காமல் போன மூன்று குழந்தைகளைப் பற்றி அத்தை என்னிடம் சொல்வதற்குப் பல வருஷங்கள் ஆயின. நாலாவதையாவது எமன் வேண்டாமென்று விட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான் பிச்சை. அதற்காகத்தான் என்னை அத்தையிடம் கொடுத்துத் திரும்ப வாங்கிய தவிட்டுச் சடங்கு. முன்பே சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றைக்கு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். இனி அந்தப் பெயருக்குப் பதில் சொல்வதில்லை என்று முடிவு கட்டினேன். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து, "பிச்சை" என்று கூப்பிட்டார். நான் வாய் திறக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். பிறகு இரண்டு கையாலும் கதவை அறைந்தபடி, "பிச்சை, ஏன்டி பேச மாட்டேங்குற, பேசுடி" என்று அலறினார். ஒரு பிள்ளை பதில் சொல்லாததற்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நினைத்து, நான் காதைப் பொத்திக்கொண்டேன்.