காக்காய் விரட்டிய தொண்ணூற்றெட்டு

ஆரணியில் பட்டுப்புடவைக்கு பார்டர் வரைகிற ஒரு கம்ப்யூட்டரை நான் முன்னேற்றியிருக்கிறேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எதையாவது முன்னேற்றாமல் தூக்கம் வராத வயது.

கம்ப்யூட்டர் என் அத்தையுடையது. அவர் திரையில் கட்டம் கட்டமாக அன்னமும் மாங்காயும் வரைவார். அது தடித்த கேபிள் வழியே பக்கத்து மெஷினுக்குப் போகும். மெஷின் தடதடவென்று அட்டைகளில் ஓட்டை போடும். அட்டைகளைக் கோத்துத் தறியின் மேல் மாட்டினால், திரையில் இருந்த அன்னம் புடவையில் இறங்கும். எல்லாம் ஓடியது விண்டோஸ் 98-இல். வீட்டில் அதை வெறுமனே ‘தொண்ணூத்தெட்டு’ என்பார்கள், டவுன் பஸ் நம்பர் மாதிரி. அது நடுவில் நின்றுபோனால் அத்தை பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டுவார். என்னையும் அப்படித்தான். இருவரும் உடனே வேலை செய்வோம்.

பிரவுசிங் சென்டர் அண்ணன் ஒரு நாள் என்னிடம் புது சிடி ஒன்றைக் கொடுத்தார். “பழசுக்கு ஆயுசு முடிஞ்சிபோச்சி தம்பி. இனிமே இதான்.”

அந்த வியாழக்கிழமை அத்தையும் மாமாவும் பெரணமல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மறுநாள் முள்ளிப்பட்டு நெசவாளருக்கு அட்டை கொடுத்தாக வேண்டும். அவர் தறியில் புதுப் பாவு நூலைப் பிணைத்துவிட்டுக் காத்திருந்தார். அட்டை வரும்வரை தறி நிற்கும். முகூர்த்தப் புடவை. தாமதமானால் அடுத்த டிசைன் வேறு கம்ப்யூட்டருக்குப் போய்விடும் என்று, டிசைன் கொடுக்கிற பட்டு முதலாளி சொல்லியிருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான், புதுசைப் போட்டால் ஜல்தியாக முடியுமே என்று யோசித்தேன்.

போட்டேன். டிசைன்கள் வேறு டிரைவில் இருந்ததால் பிழைத்தன. திரையில் பச்சை மேடும் நீல வானமும் வந்தன. சேவூர்ப் பக்கம் பச்சை வயல் நிறைய உண்டு. ஆனால் ஒரு பஸ்கூட ஓடாத பச்சையை அன்றுதான் பார்த்தேன்.

மிச்சம் இருந்தது தொண்ணூற்றெட்டின் சிடி. எதிர்வீட்டில் சாயம் போட்ட பட்டு நூலைக் கழியில் காயவைப்பார்கள். காக்காய் வந்து உட்கார்ந்து அசிங்கம் செய்யும். பளபளக்கும் சிடி கட்டினால் வராது. எங்கள் தெருவில் ஓடாத சினிமா சிடிகள் எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். ஆயுசு முடிந்த சிடி என்னிடமும் ஒன்று இருந்தது. கட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அத்தை வந்து திரையைப் பார்த்தார். “அழகாத்தான் கீது. மெஷின் இன்னா சொல்லுது?”

மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. அத்தை கேபிளைக் கழற்றி மாட்டினார். பெட்டியின் தலையில் தட்டினார். என் தலையிலும் தட்டினார். இந்தமுறை இரண்டும் வேலை செய்யவில்லை.

காலையில் நெசவாளர் மொபெட்டில் வந்துவிட்டார். “பாவு பிணைச்சி நாலு நாளாவுதும்மா. சும்மா குந்திகினு கீறது பேஜாரா கீது.” பிறகு திரையைப் பார்த்து, “இது எந்த ஊரும்மா? நல்லா கீதே” என்றார்.

அத்தை என் பக்கம் திரும்பினார். “பழைய சிடி எங்கடா?”

நான் ஜன்னல் வழியே கையைக் காட்டினேன்.

மூவரும் தெருவுக்குப் போனோம். ராணி கலர் நூலுக்கு மேல் அது நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு காக்காய் இல்லை. “உட்டுட்டுப் போங்கம்மா, நல்லா வேலை செய்யிது” என்றார் சாயக்காரர்.

அத்தை அதை ஷாம்பு போட்டுக் கழுவி முந்தானையால் துடைத்தார். பெட்டியில் போட்டுப் பழசை மறுபடி ஏற்றினோம்; நாற்பது சதவீதத்தில் இரண்டு முறை நின்றது. மூன்றாம் முறை நாற்பதைத் தாண்டியபோது நெசவாளர், ஏலம் கேட்பவர் போல ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். எழுபது என்றபோது அத்தை திரையைப் பார்த்தபடியே கேட்டார்:

“இது பூட்ச்சின்னா இன்னாடா பண்றது?”

“வேற சிடி வாங்கிக்கலாம் அத்தே. பிரவுசிங் சென்டர்ல கெடைக்குது.”

அத்தை என்னைப் பார்த்தார். தட்டக்கூட இல்லை. என் பதில் அவருக்குத் திருப்தி என்று எடுத்துக்கொண்டேன்.

பிற்பகலில் மெஷின் தடதடத்தது. இருட்டுமுன் நெசவாளர் அட்டைக்கட்டை மொபெட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினார். முகூர்த்தத்துக்குப் புடவை போய்ச் சேர்ந்தது. அடுத்த டிசைனும் அத்தைக்கே வந்தது.

இப்போது நான் சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். பழைய கம்ப்யூட்டர் ஏற்பாடுகளை எடுத்துவிட்டுப் புதுசு போடுவது வேலை. அன்று செய்ததேதான், சம்பளத்தோடு. அத்தை வீட்டில் மட்டும் இன்னும் தொண்ணூற்றெட்டு ஓடுகிறது. டிசைன் சாஃப்ட்வேர் செய்தவர்கள் கடையை மூடி வெகுநாளாகிறது. மெஷினுக்கோ வேறு பாஷை தெரியாது. உதிரிக்கென்று அதே ஜாதிப் பெட்டிகள் மூன்றைக் காயலான் கடையில் வாங்கி வைத்தார். இரண்டு தீர்ந்துவிட்டன.

போன மாதம் போன் செய்தார். மூன்றாவதைத் திறந்தாகிவிட்டதாம்.

“இது பூட்ச்சின்னா இன்னாடா பண்றது?”

அதே வார்த்தைகள், அதே குரல். “தட்டிப் பாத்தீங்களா அத்தே?” என்றேன்.

அன்று அவர் சிடியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன்.