தைப்பிங் போக விசா தேவையில்லை என்று எழுதியவருக்கு

நீங்கள் அந்த ஊருக்குப் போனதில்லை. போகாமலே எழுதினீர்கள். பாரிஸில் ரூ காய் என்ற தெருவின் தமிழ்க் கடைகளில் மரக்கறிப் பையோடு சும்மா கொடுக்கும் பத்திரிகையில், அரைப் பக்கத்துக்கு, குளத்தின் படத்தோடு எழுதினீர்கள். மலேசியாவில் ஒரு சின்ன ஊர், முகவர் யாரும் தேவையில்லை, தனியாகவே போய் வரலாம் என்று தலைப்பு. “பிரான்சிலிருந்து போவோருக்கு விசா தேவையில்லை” என்பது நீங்கள் எழுதிய ஐந்தாவது வரி. அந்தப் பக்கத்தை வெட்டிக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருந்தவன் நான்.

எனக்கு ஏன் அந்த ஊர் என்று முதலில் சொல்கிறேன். 2009இல் சண்டை முடிந்தபோது அக்கா முகாமுக்குள் இருந்தாள். எங்கள் தம்பி உயிரோடு இல்லை. கடைசி மாதங்களில் அவனோடு இருந்தவள் அவள்தான். முகாமை விட்டு வந்த பிறகு கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசினோம். தம்பிக்கு என்ன நடந்தது என்று கேட்டால், “நேரிலை சொல்லுறன்” என்பாள். நான் ஊருக்குப் போக முடியாது. என்னுடையது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. அக்காவுக்குப் பிரான்ஸ் விசா கொடுக்க மாட்டார்கள். ஆகவே மூன்றாவது நாடு ஒன்று வேண்டும். எங்கள் சனத்தில் பாதிப்பேர் பெற்றவர்களையும் கூடப் பிறந்தவர்களையும் அப்படித்தான் பார்க்கிறார்கள். பெரிய நகரத்தில் அக்கா தொலைந்து போவாள் என்று பயந்தேன். தைப்பிங்கில் தமிழ்ச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, கோயில் இருக்கிறது, ஊர் சின்னது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

2011இல் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டேன். அக்கா முதல் நாளே போய்ச் சேருவதாக ஏற்பாடு. அவள் கொழும்பில் விசா எடுத்தாள். நான் எடுக்கவில்லை.

என் பிழையும் இதில் இருக்கிறது, மறைக்கவில்லை. தூதரகத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாங்கள் கேட்க மாட்டோம். வதிவிட அட்டை கொடுக்கும் பிரெபெக்சர் அலுவலக வரிசையில் விடியற்காலையிலிருந்து நின்று நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவர்களைக் கண்டாலே எங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கேள்வி கேட்டால் புதிதாக ஒரு பேப்பர் கேட்பார்கள் என்ற பயம். அதனால் கடையில் கேட்போம், கோயிலில் கேட்போம். தமிழில் அச்சடித்து வந்தால் நம்புவோம். இது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறீர்கள்.

விமான நிலையத்தில் பெட்டியை நிறுவைக்கு வைத்த பிறகு அங்கே இருந்த பெண் என் பத்திரத்தைப் புரட்டினாள். திரும்பவும் புரட்டினாள். யாருக்கோ தொலைபேசி எடுத்தாள். பிரெஞ்சுப் பாஸ்போட் என்றால் விசா வேண்டாம், இதற்கு வேண்டும், ஏற்ற முடியாது என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நான் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவன். என் பிரெஞ்சு சமையலறைக்குப் போதும், அங்கே போதவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு ரயில் ஏறி லா ஷப்பலில் இருக்கும் என் அறைக்குத் திரும்பி வந்தேன்.

அக்கா தங்கியிருந்த விடுதிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“எங்கை நிக்கிறாய்? பிளேன் ஏறப் போறியோ?”

“இல்லை அக்கா. அறைக்குத் திரும்பி வந்திட்டன்.”

“ஏன்ரா?”

“எனக்கு விசா வேணுமாம். ஏத்தேல்லை.”



“இருபது வருசமா அந்த நாட்டிலை கோப்பை கழுவுறாய். இது ஒண்டு உனக்குத் தெரியாதோ? நான் நேற்று மழைக்குள்ளை நடுறோட்டிலை நிண்டனான். பஸ் ஊருக்குள்ளை கொண்டுபோய் விடும் எண்டு நீதானே சொன்னனீ. அவன் வேறை எங்கையோ இறக்கிப்போட்டுப் போட்டான்.”

அதுவும் நீங்கள் எழுதியதுதான். தூரப் பயணப் பேருந்து தைப்பிங் நகருக்குள் வருவதில்லை. கமுண்டிங் என்ற இடத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து டாக்சியோ உள்ளூர்ப் பேருந்தோ பிடிக்க வேண்டும். ஒருமுறை அங்கே இறங்கியவன் அதை எழுதாமல் விடமாட்டான். நீங்கள் போனதில்லை என்று அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

“அப்ப போனிலையாவது சொல்லன் அக்கா.”

“போனிலை சொல்லுற கதையில்லை, ராசா.”

அவளுடைய டிக்கெட் மாற்ற முடியாத டிக்கெட். பதினொரு நாள் பாஷை தெரியாத ஊரில் ஒரு அறைக்குள் தனியாக இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கடையில் கண்டேன். ஞாபகம் இருக்கும். நான் வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அண்ணை, நான் பிரெஞ்சுப் பாஸ்போட் இருக்கிற ஆக்களுக்கெல்லோ எழுதினனான்” என்றீர்கள்.

“அப்பிடி எங்கை போட்டிருக்கு?”

“அது விளங்கும் தானே. உங்களுக்கு இன்னும் குடியுரிமை கிடைக்கேல்லை எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?”

கடைக்காரர் இடையில் புகுந்தார். “விடுங்கோ அண்ணை. மனுசன் பக்கத்திலை இருக்கிற லா கூர்னெவைத் தாண்டினதில்லை, அவரைப் போய் மலேசியாவுக்கு வழி கேட்டிருக்கிறியள். சண்டையெண்டால் வெண்டிக்காயை வைச்சிட்டுப் பிடியுங்கோ, அது கிலோ ஏழு யூரோ.”

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். திருத்தம் போடச் சொன்னேன். பார்ப்போம் என்றீர்கள்.

2013இல் அக்காவைத் திரும்ப வரச் சொல்லி, ஒழுங்காகப் போனேன். எப்படி என்று எழுதுகிறேன், யாருக்காவது உதவும். பயணப் பத்திரத்தில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் அதைப் புதுப்பியுங்கள், அதற்கே மாதக்கணக்கில் ஆகும். விசா கையில் வரும்வரை டிக்கெட்டுக்குக் காசு கட்டாதீர்கள். என்னிடம் வதிவிட அட்டை, வேலை செய்யும் இடத்துக் கடிதம், விடுதி பதிந்த தாள் கேட்டார்கள். தூதரகத்துக்கு இரண்டு தரம் போனேன். யாரும் என்னைக் கடிக்கவில்லை. ஊரிலிருந்து வருகிறவரைத் தனியாக முதல் நாள் அனுப்பாதீர்கள். நீங்கள் முன்னுக்குப் போய் விமான நிலையத்தில் நில்லுங்கள். தைப்பிங்கில் பின்னேரம் மழை பெய்யும், அநேகமாக ஒவ்வொரு நாளும். குடை வாங்குங்கள். குளத்தைப் பார்க்கிறதென்றால் காலையில் போங்கள்.

நாங்கள் காலையில்தான் போனோம். கரையில் நிற்கும் பெரிய மரங்கள் ரோட்டைத் தாண்டிக் கிளையை நீட்டித் தண்ணீரைத் தொடுகின்றன. இருபத்திமூன்று வருடத்துக்குப் பிறகு அக்காவைப் பார்க்கிறேன். மெலிந்திருந்தாள். நடையில் மட்டும் மாற்றம் இல்லை, நான்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. சாம்பார் இனிக்கிறது என்று சாப்பாட்டுக் கடைக்காரரோடு சண்டை பிடித்தாள். மூன்றாம் நாள் குளக்கரையில் கேட்டேன்.

“அக்கா, தம்பிக்கு என்ன நடந்தது?”

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“போன முறை வரேக்கை எல்லாத்தையும் ஒழுங்கா மனசுக்குள்ளை அடுக்கிக்கொண்டு வந்தனான். எங்கை துவங்கிறது, எதை உனக்குச் சொல்லாமல் விடுறது எண்டு. நீ வரேல்லை. பதினொரு நாளும் அந்தச் சுவருக்கு முன்னாலை இருந்து அவ்வளவையும் எனக்கு நானே சொல்லி முடிச்சுப்போட்டன். இன்னொருக்கா என்னாலை ஏலாது. கேக்காதை.”

அவன் செத்த நாளை மட்டும் சொன்னாள், திவசம் செய்வதற்காக. எந்த இடம், எப்படி, கடைசியில் ஏதாவது பேசினானா, ஒன்றும் சொல்லவில்லை. நான் திரும்பக் கேட்கவில்லை. போன வருடம் அக்காவும் இறந்துவிட்டாள். என் தம்பி எப்படிச் செத்தான் என்று சொல்வதற்கு இனி யாரும் இல்லை.

இந்தக் கோடையில் உங்கள் பக்கம் திரும்பவும் வந்திருக்கிறது. படம் புதிது. ஐந்தாவது வரி அப்படியே இருக்கிறது, கமுண்டிங்கும் இல்லை. புறநகர் செவ்ரானிலிருந்து வந்த ஒரு பெண் அந்தப் பக்கத்தை மடித்துக் கைப்பைக்குள் வைப்பதைக் கடையில் பார்த்தேன்.

“அம்மாவை அங்கை கூப்பிடப் போறன் அண்ணை. வவுனியாவிலை இருந்து.”

“பிள்ளை, உங்களிட்டை என்ன பாஸ்போட்?”

எடுத்துக் காட்டினாள். என்னுடையதைப் போன்றதுதான். சொன்னேன். அவள் நம்பவில்லை. “பேப்பரிலை போட்டிருக்கினமே” என்றாள்.

அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கடையில் வேண்டாம், தொலைபேசியில் வேண்டாம், என்னைத் தனியாகக் கூப்பிட்டு அண்ணை என்று தோளில் கை போடவும் வேண்டாம். அந்த வரியை யாரிடம் கேட்டு எழுதினீர்கள்? பிழை என்று தெரிந்த பிறகும் ஏன் திரும்பப் போட்டீர்கள்? அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.