செத்துப்போனவருக்கு எழுதுனது

எனக்கு ஒரே ஒரு வாசகி இருந்தா. அடக்கத்துக்காகச் சொல்லல, நெசமாவே ஒருத்திதான். அந்த ஒருத்தியும் கையைவிட்டுப் போன கதையத்தான் சொல்ல வந்தேன். நடுவுல சிரிப்பு வந்தா கொஞ்சம் அடக்கிக்கங்க.

தேனியில பைப்பு, மோட்டார் சாமான் விக்கிற கடை எனக்கு. எழுத்து தனி வியாதி. ஊர்ப்பட்ட பதிப்பகத்துக்கு அனுப்பிப் பாத்தேன். ஒரு பயலும் பதில் போடல. "நீங்க என்னய்யா போடுறது, நானே போட்டுக்கிறேன்"னு வீம்புக்கு ஆரம்பிச்சதுதான். அச்சடிச்ச புத்தகத்தையெல்லாம் கடையில பைப்புக் கட்டுக்குப் பின்னால அடுக்கி வச்சிருக்கேன். மோட்டார் வாங்க வர்ற தோட்டக்காரங்க எட்டிப் பாத்துட்டு, "என்னண்ணே இது, பில்லு புக்கா?"ன்னு கேப்பாக. ஆமாய்யான்னு சொல்லிர்றது. வெளக்கஞ் சொல்ல யாரால முடியும்?

என்னைய மாதிரி சொந்தமா புத்தகம் போடுறவங்களுக்கு முகநூல்தான் கடைவீதி. அங்கன எல்லாருமே வியாபாரி, வாங்க வர்றவன்தான் இல்ல. நீ என் அட்டைப்படத்துக்கு லைக்கு போடு, நான் உன் அட்டைப்படத்த ஷேர் பண்றேன். "வாழ்த்துகள் தோழர்", "அருமை தோழர்", "வாசிக்கக் காத்திருக்கிறேன்". எத்தன வருசமாய்யா காத்திருப்பீக? ஒருத்தராவது பணத்தப் போட்டு ஒண்ணு வாங்கியிருப்பீகளா? ஓசியில அனுப்பினாக்கூட, பார்சலப் பிரிச்சு போட்டோ எடுத்துப் போடுறதோட சரி. நான் மட்டும் யோக்கியமான்னு கேக்காதீக. நானும் அப்படிக் காத்திருந்தவன்தான்.

அந்தக் கூட்டத்துல வேற மாதிரி இருந்தவதான் போடி ஊருத் தங்கச்சி. வீட்டுலயே ஜாக்கெட் தைக்கிறவ, கவிதை எழுதுவா. வீட்டுக்காரருக்கு பஜார்ல ஏலக்காய் யாவாரம். என்னைய அண்ணேன்னு கூப்பிடுவா. நேர்ல பாத்தது ஒரே தடவ, ஒரு புத்தகக் கண்காட்சியில. அவரோட வந்து நின்னு ஒரு வணக்கம் சொன்னதோட சரி. ஆனா நான் எத எழுதிப் போட்டாலும் மொத ஆளா வந்து நிப்பா. "அண்ணே, கண்ணு கலங்கிருச்சு"ன்னு எழுதுவா. என் நாவல்ல இருந்து ரெண்டு வரி எடுத்து அவ பக்கத்துல போடுவா. அன்னைக்கு முழுக்க நான் தரையில நடக்க மாட்டேன். யாவாரத்துல பைப்பு முட்டுல மாட்டுற எல்போவத் தப்பான சைஸ்ல தூக்கிக் குடுத்துட்டு நிப்பேன்.

அவுக அம்மா தவறினப்ப, சோறு எறங்கலன்னு நாலு வரி எழுதியிருந்தா. எனக்கு மனசு கேக்கல. மறுநாளு மத்தியானம் தூக்குச் சட்டியத் தொறக்கிறப்ப, "சாப்பிட்டியா தங்கச்சி?"ன்னு ஒரு மெசேஜ் போட்டேன். "சாப்பிட்டேண்ணே, ரசம்"னு வந்துச்சு. அன்னையில இருந்து தெனமும் அது ஒரு வழக்கமாப் போச்சு. நான் கேப்பேன், அவ பதில் சொல்லுவா. கீரைம்பா, கருவாடும்பா. ஒருநாளு வெறும் மோருன்னா, திட்டிவிட்டேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. இதுல என்னய்யா தப்பு இருக்கு?

இப்ப நடந்ததுக்கு வாரேன். என்னோட கடைசி நாவலுக்கு "போயிட்டு வாரேன்"னு பேரு வச்சேன். எங்க பக்கத்துல வீட்ட விட்டுக் கெளம்புறவுக போறேன்னு சொல்ல மாட்டாக. சொன்னா வாய்லயே போடுவாக. கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்குக் கெளம்புற ஒருத்தனோட கதை அது. பொருத்தமான பேருன்னு எனக்கு ஒரே பெருமை. வெளியீட்டு விழாவ மண்டபம் புடிச்சு நடத்த வக்கில்ல. கடை வாசல்லயே நாலு சேரப் போட்டு நடத்திரலாம்னு முடிவு பண்ணி, போன்லயே ஒரு போஸ்டர் செஞ்சேன். மேல என் போட்டோ, கறுப்பு வெள்ளையில. எழுத்தாளன்னா கறுப்பு வெள்ளைதான எடுப்பா இருக்கும்? போட்டோவுக்குக் கீழ என் பேரு. அதுக்குக் கீழ பெருசா, போயிட்டு வாரேன். அதுக்கும் கீழ, "நாளை காலை பத்து மணி, கடை வாசலில். நண்பர்கள் வரவும்." கடைசியா புத்தகத்தோட அட்டையும், நாவல் வெளியீடுங்கிற எழுத்தும். எம் பொண்டாட்டி எட்டிப் பாத்துட்டு, "கலர் போட்டோ போடுங்களேன், கண்றாவி"ன்னா. உனக்கு என்ன தெரியும்னு சொல்லிட்டு, காலையில கடை தொறந்த கையோட முகநூல்ல ஏத்திவிட்டுட்டு, கெங்குவார்பட்டியில ஒரு தோட்டத்துக்குப் பைப்பு எறக்கக் கெளம்பிட்டேன்.

போனு போற வழியிலயே சார்ஜ் எறங்கிச் செத்துப் போச்சு. போன் மட்டுமா செத்துச்சு!

முகநூல் இருக்கே, அது நம்ம போஸ்டர முழுசாக் காட்டாது. புத்தக அட்டையும் நாவல் வெளியீடும் இருந்த அடிப்பக்கத்த வெட்டிருச்சு. தொட்டுப் பாத்தாத்தான் மிச்சம் தெரியும். எவன் தொட்டுப் பாக்குறான்? எங்க ஊருல செவுத்துக்குச் செவுரு கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருக்கும். கறுப்பு வெள்ளைப் படம், பேரு, நேரம். அதப் பாத்துப் பழகின கண்ணுக்கு இது வேற எதாத் தெரியும்?

மத்தியானம் திரும்பி வர்றேன், கடை வாசல்ல கோம்பைக்காரர் ஒருத்தர் நிக்கிறாரு. பழைய வாடிக்கை. கையில பெரிய ரோசாப்பூ மாலை. என்னைய ஏற எறங்கப் பாத்தவருக்கு மொகம் வெளிறிப் போச்சு. "யோவ், நான்தான்யா"ங்கிறேன். மனுசன் மாலையக் கீழ போட்டுட்டு, "ஆத்தாடி!"ன்னு என் கையப் புடிச்சு அமுக்கிப் பாக்குறாரு. அப்புறந்தான் விசயம் தெரிஞ்சுச்சு. அவருக்குக் காப்பி வாங்கிக் குடுத்து அனுப்பிட்டு, போனைச் சார்ஜுல போட்டுத் தொறந்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, நல்லா இருந்துச்சு. "ஆழ்ந்த இரங்கல்" வரிசை கட்டி நிக்குது. என் மெசேஜப் பாத்தும் பாக்காத மாதிரி இருந்த பெரிய மனுசன் ஒருத்தர், நானும் அவரும் விடிய விடியப் பேசினதா எழுதியிருந்தாரு. எப்பய்யா பேசினோம்? கம்பம் பள்ளத்தாக்கோட குரல் அடங்கிருச்சுன்னு இன்னொருத்தர். அடப்பாவிகளா, அந்தக் குரல் இத்தன வருசமா உங்க காதுலதானடா கத்திக்கிட்டு இருந்துச்சு! கோவமும் வந்துச்சு, கண்ணும் கலங்குச்சு. அப்படியே தள்ளிக்கிட்டு வர்றப்ப தங்கச்சி எழுதுனது வந்துச்சு.

நீளமா எழுதியிருந்தா. எனக்கு இன்னைக்கும் ஒரு எழுத்து விடாம ஞாபகம் இருக்கு.

"அண்ணே, இனி மறைச்சு என்ன ஆகப்போகுது? உங்க புத்தகம் ஒண்ணக்கூட நான் படிச்சதில்லண்ணே. தையலும் அடுப்படியுமா நேரமே கெடைக்கல. நீங்க போடுற வரிகளத்தான் எடுத்துப் போட்டேன். நீங்க சந்தோசப்படுவீகன்னுதான் கண்ணு கலங்கிருச்சுன்னு எழுதுனேன். ஆனா எங்கம்மா போனதுக்கு அப்புறம், சாப்பிட்டியான்னு என்னையக் கேட்ட ஒரே ஆளு நீங்கதான். இந்த வீட்டுல யாரும் கேக்க மாட்டாக. இனி மத்தியானம் யாருண்ணே கேப்பாக?"

மொத பாதியப் படிச்சப்ப நெஞ்சுல எட்டி மிதிச்ச மாதிரி இருந்துச்சு. ஒண்ணக்கூட படிக்கலையா? ஒருத்திதான்னு இருந்தவளும் இல்லையா? ரெண்டாவது பாதியப் படிச்சதும் அந்தக் கோவம் போன எடம் தெரியல. கடையிலயே உக்காந்து அழுதேன். அழுதுட்டு, மொகத்தக் கழுவிட்டு, "நான் உசுரோடதான் இருக்கேன், அது நாவல் பேரு"ன்னு ஒரு பதிவு போட்டேன். போடாம இருக்க முடியுமா? குமுளியில இருந்து எங்க சின்னம்மா வண்டி ஏறிட்டாகளே!

அம்புட்டுதான், இரங்கலெல்லாம் ஒவ்வொண்ணாக் காணாமப் போச்சு. குரல் அடங்கிருச்சுன்னவரு சத்தமில்லாம அழிச்சுட்டாரு. விடிய விடியப் பேசினவரு, "விளம்பரத்துக்காகச் சாவக்கூட விக்கிறானுங்க"ன்னு தனியா ஒரு பதிவே எழுதினாரு. போங்கய்யா, போங்க. அதெல்லாம் எனக்கு வலிக்கல. தங்கச்சியும் அவ எழுதுனத ஒடனே அழிச்சுட்டா. ஆனா அதுக்குள்ள எவனோ ஒரு எடுபட்ட பய அதப் படம் புடிச்சு போடி வாட்சப் குரூப்புல விட்டிருக்கான். "தெனமும் மத்தியானம் கேப்பாராம்ல"ன்னு ஒரு சிரிப்பு பொம்மையோட.

மறுநாளு வெளியீட்டுக்கு யாரும் வரல. அவ வீட்டுக்காரருதான் வந்தாரு.

சண்டைக்கு வந்திருக்காருன்னு நெனச்சேன். போட்டுவச்சிருந்த சேருல அமைதியா உக்காந்தாரு. "நான் தப்பா நினைக்கலண்ணே. அவ உங்களைக் கூடப்பொறந்தவரா நெனச்சுத்தான் எழுதியிருக்கா. எனக்குத் தெரியும். ஆனா செத்தவருக்கு எழுதுனது உசுரோட இருக்கிறவருக்கு ஆகாதுல்லண்ணே"ன்னாரு. எதுத்த கடைக்கு ரெண்டு காப்பி சொல்லிவிட்டேன். அது வர்றதுக்குள்ள அவரே, "இந்த வீட்டுல யாரும் கேக்க மாட்டாகன்னு எழுதியிருக்கா. பஜாரே படிச்சிருச்சு. நான் கேட்டதே இல்லையாண்ணே?"ன்னாரு. என்கிட்டதான் கேட்டாரா, அவருகிட்டயே கேட்டுக்கிட்டாரான்னு தெரியல. காப்பி குடிக்காமலே எந்திரிச்சுப் போயிட்டாரு.

வீட்டுல வந்து சொன்னேன். எம் பொண்டாட்டி சோத்தப் போட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தா. கடைசியில, "என்னைய ஒருநாளு கேட்டிருக்கீகளா?"ன்னா.

அன்னைக்குச் சாயங்காலமே தங்கச்சி பக்கத்த மூடிட்டா. அவ எழுதின கவிதையெல்லாம் அதோட போச்சு. ஒரு தொகுப்பு போடலாம்னு பேசிக்கிட்டு இருந்தோம், அதுவும் போச்சு. அவ மத்தியானம் சாப்பிட்டாளா இல்லையான்னு தெரிஞ்சுக்க எனக்கு வழியில்ல. வேற யார்கிட்டயாவது கேட்டா அவளுக்கு வம்பு. கேக்காட்டி எனக்கு சோறு எறங்கல. போன கையில எடுக்கிறதும் வைக்கிறதுமா கொஞ்ச நாளு ஓடுச்சு. முகநூல்ல மறுபடியும் எல்லாரும் வாசிக்கக் காத்திருந்தாக.

போன மாசம், ஒரு தோட்டத்து மோட்டாருக்கு ஒயரு வெட்டிக்கிட்டு இருக்கேன், தெரியாத நம்பர்ல இருந்து மெசேஜு.

"அண்ணே, நான்தான். போயிட்டு வாரேன் இப்பத்தான் படிச்சு முடிச்சேன். அவருதான், யாருக்குன்னு சொல்லாம ஆள அனுப்பி உங்க கடையில வாங்கிட்டு வரச் சொன்னாரு. மொத பாதி நல்லா இருக்கு. பின்பாதி ரொம்ப இழுக்குதுண்ணே. அந்த எஸ்டேட்டுப் பொம்பளைய நீங்க சாகவிட்டிருக்க வேண்டியதில்ல. எழுத வழியில்லாமப் போச்சேன்னு அவள முடிச்சுவிட்ட மாதிரி இருக்கு. தப்பா எடுத்துக்காதீக. இனிமே எனக்கு மெசேஜ் போட வேணாம்ணே. நல்லா இருங்க."

ஒயர அப்படியே போட்டுட்டுத் திரும்பத் திரும்பப் படிச்சேன். இத்தன வருசத்துல என் புத்தகத்தக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிட்டு ஒருத்தர் சொன்ன மொத வார்த்தை அது. அவ சொன்னது சரிதான். அந்தப் பொம்பளைய என்ன செய்யிறதுன்னு தெரியாமத்தான் கொன்னேன். அது எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சிருந்தேன்.

"எந்தப் பக்கத்துல இருந்து இழுக்குது தங்கச்சி?"ன்னு எழுதி அனுப்பினேன். ஒத்த டிக்குதான் விழுந்துச்சு. நம்பர அடைச்சுட்டா போல. சாயங்காலம் வரைக்கும் பாத்தேன், ரெண்டாவது டிக்கு விழவே இல்ல.