சொல்லக் கூடாத எண்

நான் படித்தது நர்சிங். ஆனாலும் ஆறு வருடங்களாக யாருக்கும் ஊசி போட்டதில்லை. சேலத்தில் ஓர் இதய மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் எனக்கு வேலை. காலையில் ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்குவேன், சாயங்காலம் ஏறுவேன். வீட்டில் கேட்டால் ஆஸ்பத்திரி வேலை என்பேன். என்ன வேலை என்று அம்மாவுக்குக்கூட முழுசாகச் சொன்னதில்லை.

அடைபட்ட ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து முடித்ததும் திரையில் பார்த்தால் குழாய் அழகாகத் திறந்திருக்கும். அதைப் பார்த்து டாக்டர்கள் திருப்தியாகக் கையுறையைக் கழற்றுவார்கள். ஆனால் படம் அழகாக இருப்பதும் ரத்தம் நன்றாகப் போவதும் ஒன்றல்ல. அதை அளக்க முடி போல மெலிதான ஒரு கம்பி இருக்கிறது. ஸ்டென்டைத் தாண்டி அதன் நுனியை நிறுத்தி ஒரு மருந்தைச் செலுத்தினால், குழாயின் வாயில் இருக்கும் அழுத்தத்தில் எவ்வளவு பங்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்கிறது என்று ஓர் எண் வரும். ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. குறையக் குறைய அந்த ஆளுக்கு மறுபடி ஏதாவது வருவதற்கான வாய்ப்பு கூடும் என்று எங்கள் பெரிய டாக்டர் நம்பினார். நம்பியதைச் சரிபார்க்கத்தான் ஆய்வு.

ஆய்வுக்கு ஒரு விதி உண்டு. எண்ணை நோயாளியிடம் சொல்லக் கூடாது, ஸ்டென்ட் வைத்த டாக்டரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் இருவரும் வேறு மாதிரி நடந்துகொள்வார்கள். எண் சரியாகச் சொன்னதா இல்லையா என்று பிறகு பார்க்க முடியாது. பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. குறைந்த எண் வந்தால் என்ன செய்வது என்றே இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது, திரும்பவும் பலூனை ஊதினால் குழாய் கிழியவும் செய்யலாம், தெரியாத வைத்தியத்தைச் செய்வதைவிடத் தெரிந்துகொள்வது மேல் என்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அளக்கும் கருவியின் திரை டாக்டருக்கு முதுகு காட்டி நிற்கும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் டெக்னீஷியனும் நானும் மட்டும் பார்ப்போம். குறைந்த எண் வந்தால் அவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். இந்த ஆள் திரும்ப வருவார் என்று அர்த்தம். நான் சிரிப்பேன். எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். அப்போதெல்லாம் வெளியே பெஞ்சில் அந்த ஆளின் மனைவி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எங்கள் மலையில் செம்மநத்தம் என்ற ஊரிலிருந்து ஒருவர் வந்தார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, மீதியில் சாமை போடுகிறவர். மேட்டில் ஏறினால் நெஞ்சு பிடிக்கிறது என்று ஏற்காட்டில் காட்டி, அங்கிருந்து எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டுவது என் வேலை. மற்றவர்கள் படித்தபோது அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று தள்ளிவிட்டிருந்தார். நான் போய், நானும் மலைதான், ஏற்காடு என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. எந்தத் தெரு, அப்பா யார், எந்த எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தார் என்று விசாரித்தார். பிறகு பேனாவை வாங்கினார்.

எண்ணை யாருக்கும் சொல்ல மாட்டோம் என்கிற வரியைப் படித்தேன். ஒரே சீராக, நிறுத்தாமல் படித்தேன். கடினமான வரிகளை அப்படித்தான் படிக்க வேண்டும் என்று பழகியிருந்தேன்.

“நம்ம மலைப் புள்ள சொல்றப்ப என்னங்க கண்ணு” என்று கையெழுத்துப் போட்டார்.

ஸ்டென்ட் நன்றாக உட்கார்ந்தது. பிறகு கம்பியை விட்டு மருந்தைச் செலுத்தினோம். அந்த மருந்து உள்ளே போகும் இரண்டு நிமிடமும் நெஞ்சு காந்தும், மூச்சு முட்டும். அவர் கால்களை இழுத்துக்கொண்டு முனகினார். நெஞ்சுக்குள் மிளகாயை அரைத்து வைத்தது போல இருந்தது என்று பிற்பாடு சொன்னார். அந்த வேதனையால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அது எங்கள் எண்ணுக்காக.

பாயிண்ட் எட்டு ஒன்று வந்தது; பாயிண்ட் ஒன்பதுக்குக் கீழே என்றாலே குறைவு. கருவி தவறு செய்கிறதா என்று கம்பியைப் பின்னால் இழுத்துச் சோதித்தோம். தவறில்லை. டெக்னீஷியன் புருவத்தை உயர்த்தினார். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை; இருந்தாலும் எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். வெளியே அவர் மனைவியிடம் டாக்டர், ரோடு போட்ட மாதிரி ஆகிவிட்டது, கவலை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் போன் செய்ய வேண்டும். நெஞ்சு வலி வந்ததா, மூச்சு வாங்குகிறதா, மாத்திரை விடாமல் சாப்பிடுகிறீர்களா, எங்காவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தீர்களா. நல்ல எண்ணுக்கும் கெட்ட எண்ணுக்கும் ஒரே குரலில் கேட்க வேண்டும். அவருடைய போனை மட்டும் நான் கடைசிக்குத் தள்ளிவைப்பேன். அவர் எடுத்து “சொல்லுங்க சாமி” என்றால் நிம்மதியாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஊருக்கு வா, பலாப்பழம் தருகிறேன் என்பார்.

மூன்றாவது தடவை பேசியபோது, மேட்டில் ஏறினால் திரும்பவும் கொஞ்சம் இழுக்கிறது, வயசாகிவிட்டதல்லவா என்றார். நான் படிவத்தில் ‘லேசாக’ என்ற கட்டத்தில் குறித்தேன். டாக்டரை ஒரு தரம் பார்த்துவிடுங்கள் என்றேன். அதைச் சொல்ல அனுமதி உண்டு. காப்பி பழம் பறிப்பு நடக்கிறது, ஆள் கிடைக்கவில்லை என்றார். பிறகு கேட்டார்:

“ஏனுங் கண்ணு, வந்தே ஆவோணுமுங்களா?”

ஆமாம், நாளைக்கே வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். எந்த விதியும் என் வாயைக் கட்டவில்லை. ஆனால் நான் அழுத்திச் சொன்னால், எண் தெரிந்துதான் சொல்கிறேன் என்று ஆகிவிடும், ஆய்வு கெட்டுவிடும் என்று பயந்தேன். நல்ல எண் உள்ள ஒருவர் இதையே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்து, அதையே அவருக்கும் சொன்னேன்.

“முடிஞ்சப்ப வாங்க ஐயா.”

பறிப்பு முடிந்து மிளகு எடுக்கும்போது, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணிக்கடியில் விழுந்துகிடந்தார். பக்கத்துக் காட்டுக்காரர்கள் தூக்கிவந்து, அந்தக் குறுகல் ரோட்டில் வேன் வரும் வரைக்கும் காத்திருந்து, மலையிறக்கி எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் இதயத்தில் ஒரு பாகம் செத்துவிட்டிருந்தது. உயிர் தப்பியது.

திரும்ப வந்த நோயாளிக்கு உறையைப் பிரிக்கலாம் என்பது விதி. அவரை மறுபடி மேஜையில் படுக்கவைத்ததும் டாக்டர் கேட்டார், நான் எடுத்துக்கொடுத்தேன். போன தடவையே எண்பத்தொன்றுதான் வந்திருக்கிறது என்று அவர் சத்தமாகச் சொன்னார். இந்தச் சிகிச்சையில் நோயாளிக்கு மயக்கம் கொடுப்பதில்லை என்பதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கூட நின்ற பெரிய டாக்டர் என் பக்கம் திரும்பி, நாம் நினைத்த மாதிரிதான் வருகிறது என்றார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. எனக்குள்ளும் ஒரு துளி இருந்தது. அதை மறைத்து எழுத முடியாது. ஒரு வருடமாக ஒரு கேள்வியைச் சுமந்தவளுக்குப் பதில் கிடைத்த சந்தோஷம்.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன். மனைவி டம்ளரில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் படுத்தபடியே என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“போன தடவையே எம்பத்தொண்ணுன்னு பேசிக்கிட்டாங்க. அது எனக்கு வந்த கணக்குங்களா?”

“ஆமாங்க ஐயா.”

“நல்லதுங்களா, கெட்டதுங்களா?”

“கொஞ்சம் கம்மிங்க.”

“உங்களுக்கு அப்பவே தெரியுமுங்களா?”

“தெரியுங்க.”

கஞ்சி ஆற்றுவது நின்றுவிட்டது. அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

“வந்தே ஆவோணுமான்னு உங்களைக் கேட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்” என்றார்.

நான் படிவத்தைப் பற்றிச் சொன்னேன், விதியைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் போனில் பேசுகிற குரலாக மாறியது எனக்கே கேட்டது. அவர்தான் எனக்காகப் பேசினார். அந்தப் பிள்ளை படித்துக் காட்டியது, நான்தான் கையெழுத்துப் போட்டேன், அதன் மேல் என்ன தப்பு என்று மனைவியை அடக்கினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு, தன்னைப் போல இன்னும் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன்.

“அவங்களுக்காச்சும் சொல்லிப்போடுங்க, சாமி.”

நான் யாருக்கும் சொல்லவில்லை. அன்று மத்தியானமே நான்கு பேருக்குப் போன் செய்தேன். அதில் இரண்டு பேர் குறைந்த எண்காரர்கள். ஒரே குரலில் கேட்டேன், கட்டங்களில் குறித்தேன்.

இந்தச் செய்தி மலையில் பரவியது. நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் வேலை செய்கிற ஒருவர், அவரும் எங்களிடம் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலில் பூசை முடிந்து வரும்போது எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தார். தன் எண் என்ன என்று மட்டும் சொல்லச் சொன்னார். அவருடைய எண் மிக நல்ல எண். ஒரு வார்த்தை போதும், சிரித்துக்கொண்டே திரும்பிப் போயிருப்பார். நான் சொல்ல முடியாது என்றேன். நான் சொல்லாததையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். வேலையை விட்டு, மேட்டில் ஏற மறுத்து, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் வேலையைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

செம்மநத்தத்துக்காரருக்கு அதற்குப் பிறகு காட்டு வேலை இல்லை. கட்டிலிலிருந்து வாசல், வாசலிலிருந்து கட்டில். அவர் ஆய்வில்தான் இருந்தார். வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம் என்று சொல்லிப்பார்த்தேன். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான் என்று சொல்லிவிட்டார். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை நான் கூப்பிட வேண்டியிருந்தது. எடுத்தது மனைவி. நான் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுவார். நெஞ்சு வலி இல்லை, மூச்சு வாங்குகிறது, மாத்திரை சாப்பிடுகிறார், உயிரோடு இருக்கிறார், எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தடவைகூட அவரிடம் போனைக் கொடுக்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் கூப்பிட்டபோது வழக்கமான வரிசை வரவில்லை. போய்ச் சேர்ந்து பதினோரு நாள் ஆகிறது என்றார்.

இறந்தவர்களுக்கென்று தனிப் படிவம் உண்டு. இதயத்தால் வந்த சாவா, வேறா என்று பிரிக்க வேண்டும். நான் போனை வைத்திருக்கலாம், ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டிருக்கலாம். படிவம் மேஜை மேலேயே இருந்தது. கேட்டேன். எத்தனை மணிக்கு? படுத்திருந்தபோதா, நடந்தபோதா? முன்னால் நெஞ்சு வலிக்கிறது என்றாரா? கூட யார் இருந்தார்கள்? கடைசியாகப் பேசிய பேச்சுக்கும் உயிர் போனதற்கும் எவ்வளவு நேரம்?

அந்த அம்மா ஒன்றையும் விடவில்லை. நிதானமாக, நான் எழுத நேரம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். எனக்குப் பின்னால் யாரோ பிரிண்டரில் தாள் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னும் ஏதாச்சும் கேக்கோணுமுங்களா?” என்றார்.

“இல்லீங்கம்மா.”

“அப்ப இனிமேலு கூப்பிட மாட்டீங்கல்ல?”

மாட்டேன் என்றேன். அவர் வைத்துவிட்டார். நான் படிவத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, அடுத்த பெயருக்குப் போன் செய்தேன்.